ஓதத்தின் சாட்சி

மாதத்தின் இரண்டாம் செவ்வாய்
மழை விட்டாலும் விடாவிட்டாலும்
சிலோயேயின் ஆறு சின்னத் தீவுகளுக்குப் போகும்
எங்கள் புத்தகப் படகு.
நாலு பெட்டி. மீன் பெட்டிகள்தான், கழுவியவை.
ஆனாலும் பக்கம் புரட்டினால் கவிச்சி அடிக்கும்.
இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

நகரத்து நூலகம் எதைக் கழிக்கிறதோ
அதுதான் சரக்கு.
தேனீ வளர்ப்புக்கு அடியில் ஒரு காதல் கதை,
அதற்கும் அடியில்
சிறுநீரகம் பற்றி முந்நூறு பக்கம்,
பாலைவனத்தில் தண்டவாளம் போட்டவனின் நாட்குறிப்பு.
வந்த புதிதில் பிரித்து அடுக்கினேன்:
கதை இந்தப் பக்கம், நிஜம் அந்தப் பக்கம்.
கால்வாயைத் தாண்டும்போது ஓர் அலை.
அத்தோடு முடிந்தது என் நூலகவியல்.

ஐந்தாவது தீவில் எடெல்மிரா நான்குபெல்.
சிப்பி ஆலையில் தரம் பிரிக்கிறவள்.
இங்கே மட்டும் எதையும் பிரிக்க மாட்டாள்.
சாக்கிலிருந்து உருளைக்கிழங்கு எடுப்பதுபோல்
பாராமல் கையை விட்டு எடுப்பாள்,
கையெழுத்திட்டுப் போய்விடுவாள்.

ஆகஸ்டில் அவள் கைக்கு வந்தது ஒரு கொலைக் கதை.
செப்டம்பரில் நான் கயிறு கட்டும் முன்பே
ரப்பர் பூட்ஸோடு தண்ணீரில் நின்றிருந்தாள்.
"கடைசிப் பதினாறு பக்கம் எங்கே?"
நாலு பெட்டியையும் கவிழ்த்துத் தேடினோம்.
"ஒருத்தியைக் கொன்றுவிட்டு
யார் கொன்றது என்று சொல்லாமல் அனுப்புகிறீர்கள்.
நான் எப்படித் தூங்க?"

சமாதானத்துக்குக் கையில் அகப்பட்டதை நீட்டினேன்:
ஓதங்களைப் பற்றி ஓர் ஒல்லிப் புத்தகம்,
பின்னால் முழுக்க அட்டவணை.
நாற்பது வருடமாக ஒருவரும் தொடவில்லை,
முத்திரைத் தாள் வெறுமையாக இருந்தது.
"இதில் யாரும் சாகவில்லை" என்றேன்.
"பார்க்கலாம்" என்றாள்.

அக்டோபரில் புயல். துறைமுகத்தை மூடினார்கள்.

நவம்பரில் இரண்டு புத்தகங்களோடும் வந்தாள்,
இரண்டிலும் கோழி இறகு அடையாளம் வைத்து.
"மூன்றாம் அத்தியாயம், கல்யாண விருந்து.
பௌர்ணமி நள்ளிரவு. கடல் மதிலைத் தொடுகிறது.
சரியா?
மறுநாள் ராத்திரி, ஒரு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால்
மணலில் நடந்தே பாறைக்குப் போனேன் என்கிறான்
மருந்துக்கடைக்காரன்.
இதோ, உங்கள் ஒல்லிப் புத்தகம்:
ஒரு நாளைக்கு ஐம்பது நிமிடம்தான் ஓதம் பிந்தும்.
அந்த நேரத்தில் அங்கே ஏது மணல்?
ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர்!"

"அந்த ஊரே கற்பனை" என்றேன்.
"ஊர் கற்பனையாக இருக்கட்டும்.
நிலாவுமா?"

டிசம்பரில் புத்தகம் திரும்பியது, சற்றுப் பருத்து.
ஆலையின் எடைச்சீட்டுகளின் முதுகில்
முடிவை எழுதி மாவுப் பசையால் ஒட்டியிருந்தாள்.
கொலைகாரன் ஒப்புக்கொள்வது இரண்டே வரி.
அதற்குப் பிறகு நாலு பக்கத்துக்கு
அவன் மனைவி
அவனுடைய நனைந்த காலுறைகளைப் பார்த்தபடி
ஒன்றும் கேட்காமல்
ரொட்டிக்கு மாவு பிசைகிறாள்.
அதை நான் படகிலேயே படித்தேன்.
இறங்கவேண்டிய தீவைத் தாண்டிவிட்டோம்.

ஆறாவது தீவின் பெலார்மினோ கார்காமோ
ஓரத்தில் பென்சிலால் எதிர்த்திருக்கிறார்:
'மருந்துக்கடைக்காரன் நல்லவன். அவன் கடிகாரம்தான் பிசகு.'
அவருடைய முடிவு சிமெண்ட் பை காகிதத்தில்.
மூன்றாவது முடிவு யாருடையது என்று தெரியவில்லை,
அதில் எல்லோரும் பிழைத்துக்கொள்கிறார்கள்,
செத்தவள் உட்பட.
ஓதப் புத்தகத்தில் இப்போது ஏழு முத்திரை.
போன வாரம் ஒருவர்
சிறுநீரகத்தைக் கேட்டு வாங்கிப் போனார்,
காதல் கதையில் ஒரு சந்தேகம் என்று.

இந்த மாதச் சரக்கில்
அதே கொலைக் கதையின் இன்னொரு பிரதி வந்திருக்கிறது.
முழுசு. ஒரு தாள் குறையவில்லை.
பெட்டியை மூடிவிட்டு
அந்தப் பதினாறு பக்கங்களைப் படித்தேன்.
கொன்றது, அதுவரை கதையிலேயே வராத
ஒரு ஒன்றுவிட்ட அண்ணன்.
ஓதம் பற்றிப் பேச்சே இல்லை.

பதிவேட்டில் ஏற்றவில்லை.
எஞ்சின் அறையில் இருக்கிறது,
எண்ணெய் சொட்டுகிற இடத்துக்கு
நேர் கீழே.